தொட்டாச்சிணுங்கி விரியும்வரை

(சேலத்தில் அறிவுசார் குறைபாடுள்ளவர்களின் பெற்றோரும் ஆசிரியர்களும் கூடிய ஒரு கூட்டத்தில் பேசியது. எழுத்துக்காகக் கொஞ்சம் சீர்செய்திருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். முதலில் இந்த மைக்கை அணைத்துவிடலாமா? நான் வணக்கம் சொன்னதுமே கடைசி வரிசையில் ஒரு தம்பி காதைப் பொத்திக்கொண்டார். சின்ன மண்டபம்தான், என் குரலே போதும். கேட்காதவர்கள் முன்னால் வாருங்கள், முன்வரிசை வழக்கம்போலக் காலியாகத்தான் இருக்கிறது.

அழைப்பிதழில் என் பேச்சுக்கு ‘இயற்கையில் மனமொன்றிய படைப்பாக்க நடை’ என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். வீட்டில் அதைப் படித்துவிட்டு “என்னங்க, யோகாவா?” என்று கேட்டார்கள். யோகா இல்லை. மெதுவாக நடப்பது, நடுவில் நின்று ஒன்றைப் பார்ப்பது அல்லது தொடுவது, அப்புறம் அதை வைத்துக் கையால் எதையாவது செய்வது. இதை நாங்கள் ஏற்காட்டில் செய்கிறோம். யாரோடு செய்கிறோம், யார் முன்னால் நடக்கிறார்கள் என்பதில்தான் பேச வேண்டிய விஷயம் இருக்கிறது.

அதற்கு முன் சொற்குழப்பம் ஒன்றைத் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் இரவு பன்னிரண்டு மணிக்கு போனில் தேடித் தேடிப் படிக்கிற பெற்றோர் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இங்கிலாந்துக்காரர்கள் ‘லேர்னிங் டிஸெபிலிட்டி’ என்று எழுதினால், நாம் அறிவுசார் குறைபாடு என்கிறோமே, புரிந்துகொள்வதும் அன்றாட வேலைகளைக் கற்றுக்கொள்வதும் சிரமமாக இருப்பது, அதைச் சொல்கிறார்கள். நம் ஊரில் அதே சொல்லுக்கு டிஸ்லெக்சியா போல எழுதப் படிக்கச் சிரமப்படுவது என்றுதான் பொருள் எடுத்துக்கொள்வோம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன, அதில் இவை இரண்டும் தனித்தனி. நான் இன்று பேசுவது முதலாவதைப் பற்றி. அதிலும் 18 வயதைத் தாண்டியவர்களைப் பற்றி.

18 வரைக்கும் சிறப்புப் பள்ளி, வேன், டீச்சர், ஆண்டு விழா என்று ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். அதற்கப்புறம் என்ன? சிலருக்குத் தொழிற்பயிற்சி மையம் கிடைக்கும், காகிதக் கவர் ஒட்டுவார்கள், மெழுகுவத்தி செய்வார்கள். மற்றவர்களுக்கு வீடு, டிவி, ஜன்னல். வெளியே கூட்டிப்போனாலும் எப்படிக் கூட்டிப்போகிறோம்? மணிக்கட்டைப் பிடித்து. கவனித்துப் பாருங்கள், கையைக் கோத்துக்கொள்வது வேறு, மணிக்கட்டைப் பிடிப்பது வேறு. மீசை நரைக்கத் தொடங்கியவரை மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், “குழந்தைக்கு ஒரு ஜூஸ் கொடுங்க” என்கிறோம். எங்கள் குழுவில் மூத்தவருக்கு 47 வயது. நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். முதல் தடவை கூப்பிட்டபோது, யாரைக் கூப்பிடுகிறேன் என்று அவர் திரும்பிப் பின்னால் பார்த்தார்.

சரி, முதல் தடவை நான் எப்படிக் கோட்டைவிட்டேன் என்று சொல்கிறேன். மே மாதம், ஞாயிற்றுக்கிழமை. அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்ததிலேயே என் அறிவு தெரிகிறது. அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொரு வளைவிலும் ஹாரன். எட்டாவது வளைவில் ஒருவர் வாந்தி, பன்னிரண்டாவதில் இன்னொருவர். மேலே போனால் ஏரிக்கரை முழுக்கக் கூட்டம். எங்கள் குழுவில் ஒரு இளம்பெண் சத்தம் தாங்காமல் தரையில் உட்கார்ந்து கத்தத் தொடங்கினார், சுற்றி நின்றவர்களில் நாலு பேர் போனை எடுத்தார்கள். நான் கையில் ஒரு தாள் வைத்திருந்தேன், எட்டுப் பயிற்சிகள், வரிசை எண் போட்டு. முதல் பயிற்சி: கண்களை மூடி மூச்சைக் கவனியுங்கள். வண்டிக்குத் திரும்பிவந்து அதையும் செய்துபார்த்தேன். ஒருவர் தூங்கிவிட்டார். இன்னொருவருக்குக் கண்ணை மூடச் சொன்னாலே பயம், அழ ஆரம்பித்துவிட்டார்.

நான் படித்ததில் தப்பு இல்லை. 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஜான் கபட்-ஜின் நாள்பட்ட வலியுள்ள நோயாளிகளுக்காகத் தொடங்கிய பயிற்சியிலிருந்து இந்த மனமொன்றுதல் விஷயம், ஆங்கிலத்தில் ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ என்பார்களே, அது மருத்துவத்துக்குள் நுழைந்தது. 1982-இல் ஜப்பானின் வனத்துறை ‘ஷின்ரின் யோகு’, அதாவது காட்டில் குளிப்பது, என்று ஒரு பெயர் வைத்தது. குளிப்பது என்றால் தண்ணீரில் இல்லை, காட்டுக்குள் சும்மா இருப்பது. இரண்டுமே நல்ல விஷயங்கள்தான். ஆனால் “உங்கள் எண்ணங்கள் மேகம்போலக் கடந்து போகட்டும்” என்று சொன்னால் நம் ஆட்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, “மேகமே இல்லையே சார்” என்பார்கள். அவர்கள் சொல்வது சரிதானே?

இரண்டாவது தடவை நவம்பர், வார நாள். தெரிந்தவர் ஒருவருடைய காப்பித் தோட்டத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தோம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து நட்டதிலிருந்து ஏற்காடு இருக்கிற இந்தச் சேர்வராயன் மலையில் காப்பி இருக்கிறது. காப்பிக்கு நிழல் வேண்டும், நிழலுக்கு சில்வர் ஓக், சில்வர் ஓக்கில் மிளகுக்கொடி. தோட்டத்துக்குள் ஒரு மண் பாதை, ஒரு கிலோமீட்டர் இருக்கும். போய்த் திரும்ப முக்கால் மணி நேரம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

நாற்பதடி போயிருப்போம். அண்ணா, அதாவது அந்த 47 வயதுக்காரர், பாதையோரத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்துவிட்டார். என்ன என்று பார்த்தால் தொட்டாச்சிணுங்கி. ஒரு விரலால் தொட்டார், இலை இரண்டு இரண்டாக மூடிக்கொண்டே போய் காம்பு தொங்கிவிட்டது. சிரித்தார். நானும் சிரித்துவிட்டு, “வாங்கண்ணா போலாம்” என்றேன். எழவில்லை. பக்கத்து இலையைத் தொடக் கையை நீட்டினேன், என் கையைத் தட்டிவிட்டார்.

“தூங்குது” என்றார்.

சரி என்று நானும் உட்கார்ந்தேன். வேறு வழியில்லை. மற்ற ஆறு பேரும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள், எங்களோடு வந்த டீச்சர் மட்டும் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். முதலில் எதுவும் தெரியவில்லை. அப்புறம் தொங்கிய காம்பு இருந்த இடத்தில் இல்லை, எப்போது நகர்ந்தது என்று பார்க்கவில்லை, ஆனால் நகர்ந்திருக்கிறது. இலைகளுக்கு நடுவே ஒரு நூல் அளவு இடைவெளி. அது கொஞ்சம் கொஞ்சமாக அகன்றது, நுனிப் பக்கம் இன்னும் மூடித்தான் இருந்தது. அண்ணா மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். கடைசியாக முழு இலையும் விரிந்ததும் எங்களைத் திரும்பிப் பார்த்து, “எந்திரிச்சிருச்சு” என்றார்.

தொட்டாச்சிணுங்கி மூடுவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். விரிவதை இங்கே எத்தனை பேர் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்கள்? கையைத் தூக்குங்கள். இரண்டு பேர். எனக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஆகிறது, அதுதான் முதல் தடவை. காம்பின் அடியில் சின்ன வீக்கம்போல ஒரு பகுதி இருக்கிறது, அதன் செல்களிலிருந்து தண்ணீர் வெளியேறினால் இலை தொய்கிறது, தண்ணீர் திரும்ப ஏறினால் விரிகிறது என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு நாங்கள் மொத்தம் நடந்தது நானூறு மீட்டர் இருந்தால் அதிகம். ஒன்றரை மணி நேரம் ஆனது. எட்டுப் பயிற்சித் தாள் பையிலேயே கிடந்தது.

அன்றிலிருந்து ஒரே ஒரு விதி. ஒரு துண்டு வைத்திருக்கிறோம், கத்திரிப்பூ நிறம். எந்தக் கட்சிக் கரையும் இல்லாத துண்டாகத் தேடி வாங்க வேண்டியிருந்தது, நம்ம ஊரில் அது லேசான வேலை இல்லை. அந்தத் துண்டு யார் தோளில் இருக்கிறதோ அவர்தான் முன்னால் நடப்பார். அவர் நின்றால் எல்லாரும் நிற்க வேண்டும், டீச்சர் உட்பட, நான் உட்பட. அவர் எதைப் பார்க்கிறாரோ அதை நாமும் பார்க்க வேண்டும். “சீக்கிரம்” என்ற சொல்லை யாரும் சொல்லக் கூடாது. துண்டு கைமாறுவதும் அவர்கள் விருப்பம்தான். ஒருவர் ஒரு நாள் முழுக்கத் தரவே இல்லை, சரி, அன்றைக்கு அவர் நாள். முதலில் துண்டைப் போட்டுக்கொண்டு பலர் நின்ற இடத்திலேயே நிற்பார்கள், எந்தப் பக்கம் போகட்டும் என்று நம் முகத்தைப் பார்ப்பார்கள். முப்பது வருடமாக யாரும் அவர்களிடம் அதைக் கேட்டதில்லை, அதனால்தான். அப்போது வாயைத் திறக்காமல் இருப்பதுதான் எனக்குக் கஷ்டமான பயிற்சி.

கைவேலை என்ன என்று கேட்பீர்கள். டெய்லர் கடையில் வெட்டிப்போடும் துணித் துண்டுகளை ஒரு பை நிறைய வாங்கிப்போவோம். ஆளுக்கு ஒன்று. அந்த நிறத்தைத் தோட்டத்தில் கண்டுபிடிக்க வேண்டும், பறிக்க வேண்டாம், பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். காப்பிப் பழம் பழுக்கிற நாளில் சிவப்புத் துணிக்காரருக்குக் கொண்டாட்டம். நீலத் துணி கிடைத்தவர் பாவம், ரொம்ப நேரம் அலைந்துவிட்டுக் கடைசியில் என் சட்டையோடு ஒட்டவைத்துவிட்டுப் போய்விட்டார். காசை அடியில் வைத்துத் தாளின்மேல் பென்சிலால் தேய்ப்போமே சின்ன வயதில், அதேபோல் மரப்பட்டைமேல் தாளை வைத்து கிரேயானால் தேய்ப்பதும் உண்டு. விரல் சரியாக வளையாதவர்களுக்குக்கூட அது நன்றாக வரும், கிரேயானைப் படுக்கவைத்து முழுக் கையால் தேய்த்தால் போதும். சில்வர் ஓக் இலை மேலே பச்சை, திருப்பிப்போட்டால் வெள்ளி. உதிர்ந்த இலையை ஒருவர் எதேச்சையாகத் திருப்பிப்போட, இன்னொருவர் அதைப் பார்த்து எல்லாவற்றையும் திருப்பத் தொடங்க, செம்மண்ணில் ஒரு பெரிய கோலமே வந்துவிட்டது. புள்ளி இல்லை, சிக்கு இல்லை, வட்டமும் இல்லை. அரிசி மாவுக் கோலம் போடும் எந்த அம்மாவும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். போட்டோ எடுப்பதற்குள் காற்று அள்ளிக்கொண்டு போய்விட்டது, யாருக்கும் அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை, எனக்கு மட்டும் இருந்தது.

ஏரிக்கரையில் கத்தினார் என்று சொன்னேனே, அந்த இளம்பெண், அவருக்குப் பேச்சு வராது. கொலுசு போட்டிருப்பார், சேலத்து வெள்ளிக் கொலுசு, கனமானது. சிமெண்டுப் பாதையிலிருந்து சருகுக்குள் இறங்கியதும் கொலுசுச் சத்தம் மாறியதைக் கவனித்துவிட்டு நின்றார். திரும்பச் சிமெண்டுக்குப் போனார், மிதித்தார். திரும்பச் சருகு. அப்புறம் பாறை. அன்றைக்குத் துண்டு அவர் தோளில் இருந்ததால் நாங்களும் பின்னாலேயே சிமெண்டு, சருகு, பாறை என்று இருபது நிமிடம் போய்வந்தோம். ஒரு கட்டத்தில் எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டோம்.

இப்போது பயப்படுகிற விஷயங்கள். டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்கு மூட்டுகள் தளர்வாக இருக்கும், பலருக்குத் தட்டைப் பாதம், இறக்கத்தில் ஆழம் சரியாகத் தெரியாது. படியிலோ சரிவிலோ நின்றுகொண்டு இறங்க மறுத்தால் அதை அடம் என்று நினைக்காதீர்கள், அவர்களுக்கு அங்கே பள்ளம் எவ்வளவு என்று புரியவில்லை. சிலருக்குக் கழுத்தெலும்பு மூட்டிலும் அந்தத் தளர்வு உண்டு, இதயக் கோளாறும் இருக்கலாம், டாக்டரைக் கேட்காமல் கூட்டிவராதீர்கள். வலிப்பு உள்ளவர்களின் மாத்திரை நேரம் எனக்கு எழுத்தில் வேண்டும், “அவனுக்கு ஒண்ணும் வராதுங்க” என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் ஏற்க மாட்டேன். வேனில் வயிறு முட்ட இட்லியோடு ஏற்றிவிடாதீர்கள். ஏற்காட்டில் காட்டெருமை உண்டு, தோட்டத்துக்குள்ளேயே வரும், அதனால் விடிகாலையும் பொழுதுசாய்கிற நேரமும் வேண்டாம். கழிப்பறை எங்கே இருக்கிறது என்று முன்னாடியே ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வருவார், பெண்களுக்கு இது பெரிய விஷயம், பல நடைகள் நின்றுபோவதே இதனால்தான். அவர்களைக் கேட்காமல் போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் போடக் கூடாது, பெற்றோரும்தான்.

மலைக்கே போக வேண்டும் என்று இல்லை. கன்னங்குறிச்சி மூக்கனேரிக் கரை இருக்கிறது, பறவைகள் இருக்கின்றன. அதுவும் முடியாவிட்டால் தெருமுனை வேப்பமரம் வரைக்கும் போய் வாருங்கள், ஆனால் அவரை முன்னால் விடுங்கள்.

ஒரு அப்பா போன மாதம் என்னிடம் கேட்டார், கொஞ்சம் கோபமாகத்தான். “ஏங்க, இதனால என் பையனுக்கு என்ன முன்னேற்றம்? பேச்சு வந்துதா, எண்ண வந்துதா?” வரவில்லை. அவருக்கு நான் பொய் சொல்ல விரும்பவில்லை, உங்களுக்கும் சொல்ல மாட்டேன். பேச்சுப் பயிற்சிக்குப் போகிறவர்கள் தொடர்ந்து போங்கள், இது அதற்கு மாற்று இல்லை. அவரை நடைக்கு வரச் சொன்னேன், வந்தார். துண்டு மகன் தோளில். முதல் அரை மணி நேரம் “டேய் இந்தப் பக்கம், டேய் அங்க போகாத” என்று அவர் வாய் ஓயவில்லை. மகன் ஒரு மிளகுக்கொடிப் பக்கம் போய்ப் பட்டையில் காதை வைத்தான். ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அப்பா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, மரத்தின் மறுபக்கம் போய் அவரும் காதை வைத்தார்.

அடுத்த நடை புதன்கிழமை. காலை எட்டரைக்கு அஸ்தம்பட்டியில் வேன் நிற்கும். தொப்பி, தண்ணீர், மாற்றுத் துணி, மாத்திரைச் சீட்டு. தின்பதற்குத் தட்டுவடை நாங்களே வாங்கிக்கொள்கிறோம். ஒவ்வொருவரோடும் அம்மாவோ அப்பாவோ ஒருவர் உடன் வரலாம், பின்னால்தான் நடக்க வேண்டும். கேள்வி இருந்தால் கேளுங்கள். முதலில் அந்தக் கடைசி வரிசைத் தம்பி, ரொம்ப நேரமாகக் கை தூக்கிக்கொண்டிருக்கிறார். சொல்லுங்க தம்பி.