பதிவேட்டில் பிறந்த பிள்ளைகள்

அவைத்தலைவர் அவர்களே, வெயிலையும் பாராமல் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் பழைய தலைமையாசிரியர் ஐயா அவர்களே, எனக்கு முன் அருமையாகப் பேசி என் வேலையைக் கடினமாக்கிவிட்ட பேராசிரியர் அம்மையார் அவர்களே, அரங்கைத் திறந்துவிட்ட நூலகர் அவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இன்றைய சீனத்தின் ஏற்றத்தாழ்வை நிலம், கூலி, கல்வி என்று மூன்றாகப் பகுத்துப் பேசுவேன் என அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். "உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது" என்று நான் மேடைதோறும் சொல்வதை இங்கும் சொல்லித்தான் தொடங்க வேண்டும். சீனத்து உழவரின் கணக்கை 1958ஆம் ஆண்டிலேயே அரசு எழுதி மூடிவிட்டது. அவ்வாண்டு வந்த ஹூகோ என்னும் குடும்பப் பதிவுச் சட்டம் மக்களை நாட்டுப்புறத்தார், நகரத்தார் என்று பிரித்து நிறுத்தியது; பள்ளி, மருத்துவம் போன்ற அரசு உதவிகள் பதிவு உள்ள ஊரோடு கட்டப்பட்டன. பின்னாளில் ஆலைகள் பெருகியபோது உழவரின் பிள்ளைகள் தென்சீனத்து ஆலை நகரங்களான ஷென்ஷெனுக்கும் குவாங்சோவுக்கும் வேலைக்கு வந்தார்கள். ஆள் வந்தாரே தவிர, பதிவு ஊரிலேயே நின்றுவிட்டது. இன்று அப்படிப்பட்டவர்கள் ஏறத்தாழ 30 கோடிப் பேர்.

ஒருவரைச் சொல்கிறேன். சுன் ஜிகாங், வயது 27, ஹூபே மாகாணத்துக் கிராமத்துப் பிள்ளை. வூஹானில் கல்லூரிப் படிப்பை முடித்து, குவாங்சோவில் ஓர் ஆடை நிறுவனத்தில் வடிவமைப்பாளராகச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. 2003 மார்ச் 17 இரவு, இணைய மையத்துக்குப் போகும் வழியில் காவலர்கள் நிறுத்தினார்கள். வெளியூரார் நகரத்தில் தங்க வைத்திருக்க வேண்டிய தற்காலிகக் குடியிருப்புச் சீட்டை அவர் இன்னும் எடுக்கவில்லை. அடையாள அட்டையோ அறையில் இருந்தது. நண்பர்கள் அட்டையோடு ஓடிவந்தும் விடவில்லை. மூன்றாம் நாள், காவலில் அடிபட்டே இறந்தார். ஒரு சீட்டு, ஐயா, சட்டைப்பையில் அடங்கும் ஒரு சீட்டு! நாளேடு எழுதியது, சட்ட அறிஞர்கள் மனுக் கொடுத்தார்கள், வெளியூராரைப் பிடித்துத் திருப்பி அனுப்பும் விதியையே அரசு சில மாதங்களில் ரத்து செய்தது. ஹூகோவை மட்டும் ரத்து செய்யவில்லை.

2020 மே மாதம் அன்றைய சீனப் பிரதமர் லி கெச்சியாங்கே, 60 கோடிப் பேரின் மாத வருமானம் சுமார் 1,000 யுவான்தான் என்றும், நடுத்தர நகரம் ஒன்றில் அது வீட்டு வாடகைக்கே போதாது என்றும் செய்தியாளரிடம் ஒப்புக்கொண்டார். உழுதவன் கணக்கைப் பிரதமரே படித்துக் காட்டிய நாள் அது.

நிலத்தையும் கூலியையும் தொட நேரமில்லை. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஆனால், பிள்ளை இருக்கும் இடத்தில் பள்ளி வேண்டும் என்று பல ஆண்டாகக் கத்திக்கொண்டிருக்கும் நான், அதைச் சொல்லாமல் இறங்க மாட்டேன். பெய்ஜிங்கில் வெளியூர்த் தொழிலாளியின் பிள்ளை அரசுப் பள்ளியில் சேர ஐந்து சான்றுகள் கேட்டார்கள். வேலைச் சான்றும் வீட்டுச் சான்றும் கேட்பதையாவது புரிந்துகொள்ளலாம். சொந்த ஊரில் இப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒருவரும் இல்லை என்பதற்கும் ஒரு சான்று வேண்டுமாம். ஊரில் பாட்டி உயிரோடிருந்தால் அந்தச் சான்றை யார் தருவார்கள்? இப்படிச் சொந்த ஊரிலேயே விடப்பட்ட பிள்ளைகள்தாம் பாட்டியிடமே வளர்ந்து, புத்தாண்டுக்கு வரும் அப்பாவைக் கதவுக்குப் பின்னால் நின்று பார்க்கிறார்கள்.