கேன்டரைத் தோற்கடித்தது பிராட்டின் பிரசாரமே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ரிச்மண்ட் வட்டாரத்துத் தமிழ்ச் சொந்தங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"2014 தேர்தலில் எரிக் கேன்டரை வீழ்த்தியது கேன்டரின் அலட்சியமா, டேவ் பிராட்டின் பிரசாரமா?" இதுதான் தலைப்பு. பிரசாரமே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

இங்கே உட்கார்ந்திருக்கும் இளைஞர்களில் பாதிப் பேர் அந்தத் தேர்தலுக்குப் பிறகு இந்த ஊருக்கு வந்தவர்கள். அவர்களுக்காக ஒரு நிமிடம். நாம் குடியிருக்கிற ஷார்ட் பம்ப், க்ளென் ஆலன் எல்லாம் அப்போது வர்ஜீனியாவின் ஏழாவது காங்கிரஸ் தொகுதி. குடியரசுக் கட்சியின் எரிக் கேன்டர் 2000-இல் ஜெயித்ததிலிருந்து அந்தத் தொகுதியை விடாமல் கையில் வைத்திருந்தார். 2014-இல் அவர் வெறும் உறுப்பினர் இல்லை. பிரதிநிதிகள் சபையில் மெஜாரிட்டி லீடர். சபாநாயகர் ஜான் பேனருக்கு அடுத்த இடம், அடுத்த சபாநாயகரே இவர்தான் என்று வாஷிங்டனே பேசிக்கொண்டிருந்த நேரம். அவரை எதிர்த்து, கட்சியின் வேட்பாளர் யார் என்று முடிவுசெய்யக் கட்சிக்குள் நடக்கும் பிரைமரி தேர்தலில் நின்றவர் டேவ் பிராட். ஆஷ்லண்டில் இருக்கிற ராண்டால்ஃப்-மேக்கன் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியர். காங்கிரஸ் தேர்தலில் அதுவரை நின்றதே இல்லை. ஜூன் 10, செவ்வாய்க்கிழமை. இரவு எண்ணி முடித்தபோது பிராட் 36,105, கேன்டர் 28,912. மெஜாரிட்டி லீடர் என்ற பதவி உண்டான 1899-இலிருந்து அந்தப் பதவியில் இருந்த ஒருவர் பிரைமரியில் தோற்றது அதுதான் முதல் தடவை.

எதிரணித் தலைவர் அழகாகப் பேசினார்கள். "தூங்கினவன் தொடையிலே திரித்த வரைக்கும் லாபம், பிராட் திரித்தார், அவ்வளவுதான்" என்றார்கள். மூன்று சாட்சி வைத்தார்கள். கேன்டர் தரப்பு ஸ்டேக் ஹவுஸ்களில் மட்டும் 1,68,637 டாலர் செலவழித்தது. வாக்குப்பதிவு நாள் காலையில்கூட அவர் வாஷிங்டனில் நன்கொடையாளர்களோடு உட்கார்ந்திருந்தார். அவருடைய சொந்தக் கருத்துக்கணிப்பாளர் 34 புள்ளி முன்னிலை என்று சொல்ல, அதை நம்பிவிட்டார். இந்த மூன்றும் உண்மை. நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த மூன்றில் எது வாக்காளரை வீட்டிலிருந்து கிளப்பி வாக்குச்சாவடிக்குக் கொண்டுபோனது என்று அவர்கள் சொல்லவே இல்லை.

ஸ்டேக் ஹவுஸ் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொகை பத்திரிகைகளில் பெரிதாக வந்தது முடிவு தெரிந்த பிறகுதான். ஒரே வாரத்தில் நாடு முழுக்கப் பேசினார்கள், சரி. ஹனோவர் கவுன்ட்டியில் செவ்வாய்க்கிழமை வாக்குப் போட்ட பெரியவர் மறுநாள் வந்த செய்தியைப் படித்துவிட்டா போட்டிருப்பார்? வாக்குப்பதிவு நாள் காலைச் சந்திப்பும் அப்படித்தான். வாக்குச்சாவடி வரிசையில் நின்றவருக்கு அது தெரிய வாய்ப்பே இல்லை. தோல்விக்குப் பிறகு கிடைத்த செய்திகளைத் தோல்விக்குக் காரணமாக வைக்கிறார்கள் எதிரணியினர். நடுவர் அவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

இப்போது என் தரப்பின் பெரிய சாட்சிக்கு வருகிறேன். 2012. அதே கேன்டர். அதே மெஜாரிட்டி லீடர் பதவி. தொகுதி எல்லைகளும் புதிதாக வரையப்பட்டு, 2014-இல் இருந்த அதே எல்லைதான். அந்த ஆண்டுப் பிரைமரியிலும் அவரை வலதுபக்கமிருந்து எதிர்த்து ஒருவர் நின்றார், ஃப்ளாய்டு பெய்ன். அவர் வாங்கியது 9,668. கேன்டர் வாங்கியது 37,369. வாஷிங்டனிலேயே கிடந்தார், தொகுதிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை என்று எதிரணி சொல்லும் குற்றச்சாட்டு 2012-க்கும் பொருந்தும்தானே? அப்படியானால் 2012-இல் ஏன் தோற்கவில்லை? அலட்சியம் ஒரு மனிதரைத் தோற்கடிக்கும் என்றால், 79 சதவீத வாக்கோடு அன்றைக்கு அவர் எப்படி ஜெயித்தார்?

இரண்டு தேர்தலுக்கும் நடுவில் மாறியது என்ன என்று எண்களே சொல்கின்றன. 2012-இல் மொத்தம் பதிவானது சுமார் 47,000 வாக்கு. 2014-இல் சுமார் 65,000. ஜூன் மாதத்தில், அதுவும் செவ்வாய்க்கிழமை, வேலைநாளில், அதிபர் தேர்தலும் இல்லாத ஆண்டில், கட்சிக்குள் நடக்கிற ஒரு தேர்தலுக்கு 18,000 பேர் கூடுதலாகக் கிளம்பி வந்திருக்கிறார்கள். கூடுதலாக வந்த கூட்டம் தானாக வராது நடுவர் அவர்களே! யாராவது போய்க் கூப்பிட வேண்டும். அந்தக் கருத்துக்கணிப்பு தப்பாகப் போனதும் இங்கேதான். வழக்கமாகப் பிரைமரிக்கு வருகிறவர்கள் யார் என்று பார்த்துப் பழகிய கணக்கு அது. வழக்கமாக வராதவர்களை ஒருவர் வரவழைத்துக்கொண்டிருந்தார் என்பது அந்தக் கணக்கில் ஏறவில்லை.

எப்படி வரவழைத்தார்? சம்பளத்துக்கு இரண்டே பேர். பிரசார மேலாளருக்கு வயது 23. மொத்தச் செலவு ஏறக்குறைய 2 லட்சம் டாலர். கேன்டர் தரப்பின் செலவோ 50 லட்சத்தைத் தாண்டியது. அரசின் செலவையும் வரியையும் குறைக்கச் சொன்ன வலதுசாரி இயக்கம் டீ பார்ட்டி. அந்தப் பெயரில் அப்போது தேசிய அளவில் பெரிய அமைப்புகள் இயங்கின. கோடிக்கணக்கில் பணம் இருந்தவை. அவை பிராட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ஜெயிக்க மாட்டார் என்று ஒதுங்கிக்கொண்டன. மே மாதம் வாஷிங்டனில் சில கன்சர்வேட்டிவ் பிரமுகர்களைச் சந்திக்க ஏற்பாடு ஆகியும், கல்லூரியில் செமஸ்டர் தேர்வு நேரம் என்று அவர் போகவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் உள்ளூர் டீ பார்ட்டிக் குழுக்காரர்கள், தேவாலயத்துக்காரர்கள், அவருடைய ஊர்க்காரர்கள்.

வீடு வீடாகப் போவதென்றால் என்னவென்று இங்கே ஒருமுறையாவது தேர்தல் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். கையில் ஒரு அட்டை, அதில் கிளிப் போட்ட பட்டியல். எந்த வீட்டில் யார், முன்பு எந்தப் பிரைமரியில் வாக்குப் போட்டார் என்று எல்லாம் அதில் இருக்கும். இருபது வீட்டுக் கதவைத் தட்டினால் நாலு கதவு திறக்கும். திறந்தவர் பேசுவார், சிலர் திட்டுவார்கள், சிலர் "எங்க வாசல் புல்வெளியில ஒரு போர்டு வச்சுட்டுப் போங்க" என்பார்கள். பேசி முடித்ததும் பெயருக்கு எதிரே குறி போட வேண்டும். தேர்தலுக்கு முந்தைய வாரம் அந்தக் குறிகளைப் பார்த்து மறுபடி போக வேண்டும். பணம் இல்லாதவர் இதைத்தான் செய்ய முடியும். இதைச் செய்தால் போதும் என்பதை ஜூன் 10 காட்டியது.

கதவைத் தட்டினால் மட்டும் போதாது, சொல்வதற்கு ஒன்று வேண்டும். வர்ஜீனியா குடியரசுக் கட்சிக்குக் கொள்கை அறிக்கை ஒன்று உண்டு. சுதந்திரச் சந்தை, சம நீதி, அரசின் செலவில் கட்டுப்பாடு, அரசியல் சட்டம் போட்ட எல்லை, வலுவான பாதுகாப்பு, கடவுள் நம்பிக்கை என்று ஆறு அம்சம். பிராட் புதிதாக எதையும் உண்டாக்கவில்லை. அந்த ஆறையும் மேடைக்கு மேடை எடுத்து வைத்து, "இது நம் கட்சி எழுதியது, கேன்டர் இதன்படி நடந்தாரா?" என்று கேட்டார். வால் ஸ்ட்ரீட்டுக்கும் பெரிய கம்பெனிகளுக்கும் கட்சி அடகு போய்விட்டது என்றார். பங்குச் சந்தை வியாபாரத்தில் உறுப்பினர்களைக் கட்டுப்படுத்த 2012-இல் வந்த ஸ்டாக் சட்டத்தில், குடும்பத்தினர் தப்பிக்க வழி வைத்தது கேன்டரின் அலுவலகம்தான் என்று குற்றம் சாட்டினார். பொருளாதாரப் பேராசிரியர் என்பதால் இதையெல்லாம் வகுப்பில் விளக்குவதுபோலவே விளக்கினார்.

குடியேற்ற விவகாரத்தில் அவர் பேசியதையும் நான் மறைக்கப் போவதில்லை. குழந்தையாக இருந்தபோது சட்டவிரோதமாக இந்த நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் இங்கேயே சட்டப்படி தங்க வழி விட வேண்டும் என்று கேன்டர் கொஞ்சம் இளகிப் பேசியிருந்தார். பிராட் அதைப் பிடித்துக்கொண்டு, மலிவான ஆள் வேண்டும் என்று கேட்கிற பெரு நிறுவனங்களுக்காக கேன்டர் பொதுமன்னிப்பு கொடுக்கப் பார்க்கிறார் என்று அடித்தார். விசாவில் வந்து, பச்சை அட்டைக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த குடும்பம் என்னுடையது. அந்தப் பேச்சு எனக்கு வலித்தது, இன்றைக்கும் அதில் எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனால் இந்த மேடையில் கேள்வி பிராட் சொன்னது நியாயமா என்பதல்ல. எது ஜெயிக்க வைத்தது என்பது. எனக்குப் பிடிக்காத பிரசாரம் என்பதால் அது பிரசாரமே இல்லை என்று நான் சொல்ல முடியாது.

அந்தப் பிரசாரம் கேன்டரை எப்படி ஆட்டிவைத்தது என்று பாருங்கள். கேன்டர் தூங்கினார் என்கிறார்கள். தூங்குகிறவர் தொலைக்காட்சியில் விளம்பரம் போடுவாரா? போட்டார். பிராட் ஒரு "லிபரல் கல்லூரிப் பேராசிரியர்" என்றது அந்த விளம்பரம். ஜனநாயகக் கட்சி கவர்னர் டிம் கேன் காலத்தில் மாநிலப் பொருளாதார ஆலோசனைக் குழுவில் பிராட் இருந்தார் என்பதை வைத்துப் பின்னிய குற்றச்சாட்டு. பிராட்டின் பெயரையே கேள்விப்படாத வீடுகளுக்கும் கேன்டர் காசிலேயே பிராட்டின் பெயர் போய்ச் சேர்ந்தது. அடுத்து, தபாலில் துண்டறிக்கை. சட்டவிரோதக் குடியேறிகளுக்கு ஒபாமா தரவிருந்த பொதுமன்னிப்பைத் தடுத்து நிறுத்தியவன் நான் என்று கேன்டரே அதில் மார்தட்டினார். முந்தைய ஆண்டு இளகிப் பேசியவர் இப்போது இப்படி அச்சடித்து அனுப்புகிறார் என்றால், அவரை அந்த இடத்துக்குத் தள்ளியது யார்? எதிராளியின் பிரசாரம் தன் நிலைப்பாட்டையே மாற்ற வைத்த பிறகும், அந்த மனிதர் எதிராளியைக் கவனிக்கவே இல்லை என்று எப்படி வாதாடுவது?

மே மாதம் தொகுதிக் கட்சி மாநாடு நடந்தது. கேன்டர் வந்தார். மேடையிலேயே பிராட்டைத் தாக்கினார். கூட்டம் அவரைப் பேச விடாமல் கூச்சல் போட்டது. தொகுதித் தலைவர் பதவியில் இருந்த கேன்டரின் ஆளும் அன்றே தோற்றார். வாஷிங்டன் பத்திரிகைகள் ஜூன் 10 அன்று அதிர்ச்சி அடைந்தன. தொகுதிக்குள் இருந்த கட்சிக்காரர்களுக்கு ஒரு மாதம் முன்பே தெரிந்துவிட்டது.

அடுத்து பேசிய சகோதரி, பிராட்டை ஜெயிக்க வைத்தது ஜனநாயகக் கட்சிக்காரர்கள் என்றார்கள். வர்ஜீனியாவில் வாக்காளர் கட்சி வாரியாகப் பதிவு செய்வதில்லை, எந்தப் பிரைமரியிலும் யாரும் போடலாம், உண்மை. ஜனநாயகக் கட்சியின் முன்னாள் காங்கிரஸ் உறுப்பினர் பென் ஜோன்ஸ் அப்படிப் போடச் சொல்லி வெளிப்படையாகக் கடிதமே எழுதினார், அதுவும் உண்மை. ஆனால் பிராட்டுக்கு வாக்கு கொட்டிய இடம் எது? ஹனோவர் கவுன்ட்டி, குடியரசுக் கட்சியின் கோட்டை. ஜனநாயகக் கட்சிக்காரர்கள் திரண்டு வந்து கவிழ்த்தார்கள் என்றால் அலை வேறு பக்கமிருந்து அல்லவா அடித்திருக்க வேண்டும்? வானொலிக்காரர் லாரா இங்க்ரம் வந்ததையும் சொன்னார்கள். தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு க்ளென் ஆலனில் கூட்டம் போட்டார், நூற்றுக்கணக்கில் ஆட்கள் வந்தார்கள். அதுவும் பிரசாரம்தான், என் கணக்கில்தான் சேரும்.

வெற்றி பெற்ற இரவு பிராட் சொன்ன காரணம் ஒன்றே ஒன்று. டாலர் வாக்குப் போடாது, நீங்கள்தான் போடுகிறீர்கள் என்றார்.

கடைசியாக, 2018-ஐக் கொண்டுவந்தார்கள் எதிரணியினர். "அவ்வளவு பெரிய பிரசாரகர் என்றால் நாலே ஆண்டில் அவரும் தோற்றாரே, அவரும் அலட்சியத்தால்தானே தோற்றார்?" என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. 2017 தொடக்கத்தில், மருத்துவக் காப்பீடு பற்றி நேரில் கூட்டம் போட்டு பதில் சொல்லுங்கள் என்று தொகுதிப் பெண்கள் கேட்டபோது, எங்கே போனாலும் பெண்கள் வந்து என்னைப் பிடித்துக் கேட்கிறார்கள் என்று பிராட் அலுத்துக்கொண்டார். தப்புதான். ஆனால் அந்த அலுப்பு மட்டும் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. அந்தப் பெண்கள் செஸ்டர்ஃபீல்டிலும் ஹென்ரைகோவிலும் அமைப்புகளாகத் திரண்டார்கள். ஜனநாயகக் கட்சியிலிருந்து அபிகெயில் ஸ்பான்பெர்கர் என்ற புதுமுகம் வந்தார், முன்னாள் சிஐஏ அதிகாரி, அதற்கு முன் தேர்தலில் ஜெயித்து எந்தப் பதவியிலும் இல்லாதவர். பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு அவர்கள் தெருத்தெருவாக இறங்கினார்கள். பல பத்தாண்டுகளாகக் குடியரசுக் கட்சி வைத்திருந்த இடத்தில் 7,000-க்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் ஸ்பான்பெர்கர் ஜெயித்தார். மூன்றரை லட்சம் வாக்கு பதிவான தேர்தலில் 7,000 என்பது சில தெருக்களின் கதவுகள்தான். அந்தப் பெண்கள் கோபத்தோடு வீட்டிலேயே இருந்திருந்தால் பிராட் இன்னொரு தடவை பதவி ஏற்றிருப்பார், எதிரணி சொல்கிற அலட்சியம் அவரை எதுவும் செய்திருக்காது.

தீர்ப்பை நடுவர் அவர்களிடம் விட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.