770 ஆட்டங்கள், ஒரே சட்டை: ஸ்விண்டனின் ஜான் டிராலப் பற்றிய கேள்விக்கு விளக்கம்

வணக்கம். போன காணொளிக்கு வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடவே இல்லை. அதனால் மற்றதை எல்லாம் தள்ளி வைத்துவிட்டு முதலில் இதை எடுக்கிறேன். ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "2023 வரை இங்கிலாந்து லீக்கில் ஒரே கிளப்புக்காக அதிக ஆட்டம் ஆடியவர் என்ற சாதனை ஸ்விண்டன் டவுனின் ஜான் டிராலப்பிடம் இருந்தது என்று சொன்னீர்கள். தேடிப் பார்த்தேன். முதல் டிவிஷனில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை, இங்கிலாந்து அணியிலும் இல்லை. கீழ் லீக்கில் ஆடிய ஒரு டிஃபெண்டரின் எண்ணிக்கையை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேச வேண்டும்? அவ்வளவு நல்ல ஆட்டக்காரர் என்றால் மேலே போயிருக்க மாட்டாரா?"

நல்ல கேள்வி. கோபமாகக் கேட்டிருந்தாலும் நல்ல கேள்விதான்.

இங்கிலாந்து லீக்கின் படிக்கட்டு, அதாவது அன்று உச்சியில் முதல் டிவிஷனும் கீழே மற்ற டிவிஷன்களுமாக, அணிகள் ஆட்டத்தைப் பொறுத்து ஏறி இறங்கும் முறை பற்றி ஏற்கெனவே விரிவாகப் பேசியிருக்கிறோம், தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும். அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். டிராலப் ஆடிய காலத்தில் முதல் இரண்டு டிவிஷன்களில் 22 அணிகள், அதாவது ஒரு சீசனுக்கு 42 லீக் ஆட்டம். மூன்றாம் டிவிஷனில் 24 அணிகள், 46 ஆட்டம். இன்றைய பிரீமியர் லீக்கில் 38. ஆக, டிராலப் ஆடிய 770 லீக் ஆட்டம் என்ற எண்ணைத் தொட இன்றைய மேல்மட்ட ஆட்டக்காரர் ஒரு வாரம்கூட விடாமல் இருபது சீசன் ஆடினாலும் பத்து ஆட்டம் குறையும். ரயன் கிக்ஸ் மான்செஸ்டர் யுனைடெட்டில் அத்தனை ஆண்டுகள் இருந்தும் லீக்கில் 672தான். அதனால் கீழ் டிவிஷனில் ஆடியது அந்த எண்ணிக்கைக்கு உதவியது, அதை நான் மறுக்கவே இல்லை. ஆனால் அந்த 46 ஆட்டம் மூன்றாம் டிவிஷனில் இருந்த எல்லாருக்கும்தானே இருந்தது? அவர் காலத்தில் 770 ஒருவருக்கு மட்டும்தான் வந்தது.

சரி, ஆள் யார் என்று பார்ப்போம். 1943இல் பிறந்தவர், ஸ்விண்டனை ஒட்டிய கிராமத்துக்காரர். ஸ்விண்டன் அப்போது ரயில்வே ஊர். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் பெரிய பணிமனையைச் சுற்றி வளர்ந்த ஊர் அது. 1960 ஆகஸ்டில், 17 வயதில், ஹேலிஃபாக்ஸ் டவுனுக்கு எதிராக லெஃப்ட் பேக்காக, அதாவது இடதுபுறப் பின்களக் காவலராக இறங்கினார். அப்போது மேனேஜர் பெர்ட் ஹெட். காசு இல்லாத கிளப், அதனால் பையன்களை வைத்தே அணி கட்டினார். மைக் சம்மர்பீ, எர்னி ஹன்ட், டான் ராஜர்ஸ், டிராலப், எல்லாரும் அந்தப் பட்டறையில் வந்தவர்கள். 1963இல் அந்தப் பையன்கள் கிளப்பை அதன் வரலாற்றில் முதல்முறையாக இரண்டாம் டிவிஷனுக்குக் கொண்டு போனார்கள்.

இப்போது "மேலே போயிருக்க மாட்டாரா" என்பதற்கு வருகிறேன். அந்தப் பட்டியலில் மேலே போனவர்களைப் பாருங்கள். 1965இல் அணி மறுபடி கீழே இறங்கியதும் சம்மர்பீ மான்செஸ்டர் சிட்டிக்குப் போனார். ஹன்ட் வுல்வ்ஸுக்குப் போனார். 1972இல் ராஜர்ஸ் கிரிஸ்டல் பேலஸுக்குப் போனார். மூன்று பேரும் முன்னால் ஆடுகிறவர்கள். கோல் போடுகிறவனையும் கோலுக்கு வழி செய்கிறவனையும் பெரிய கிளப் தேடி வந்து வாங்கும், ஏனென்றால் அவன் செய்தது மறுநாள் பத்திரிகையில் இருக்கும். லெஃப்ட் பேக், ஓரமாக ஓடித் தாக்க வரும் ஒரு விங்கரைத் தொண்ணூறு நிமிடம் பந்தே தொடவிடாமல் வைத்திருந்தால் பத்திரிகையில் என்ன வரும்? அந்த விங்கருக்கு அன்று ஆட்டம் சரியில்லை என்று வரும். டிஃபெண்டரின் வேலை நன்றாக நடந்தால் அது கண்ணுக்கே தெரியாது. இதை நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், இன்னும் சொல்வேன்.

இன்னொரு விஷயமும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டிராலப் ஆடத் தொடங்கியபோது ஆட்டக்காரர்களுக்கு உச்ச சம்பளம் வாரம் 20 பவுண்டு. 1961 ஜனவரியில்தான் அந்தக் கட்டுப்பாடு போனது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆட்டக்காரரைக் கிளப் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்ற முறையும் இருந்தது. 1963இல் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் வழக்கில்தான் நீதிமன்றம் அதைக் கண்டித்தது. இன்று ஏஜென்ட் வைத்துக்கொண்டு பதினெட்டு வயதில் நான்கு கிளப் மாறுகிற காலத்தை வைத்து அந்தக் காலத்தை அளந்தால் கணக்கு சரியாக வராது.

ஆனால் இவ்வளவும் சொன்ன பிறகும், அந்த நேயர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. "ஏன் மேலே போகவில்லை" என்பதை விடுங்கள். "எப்படி ஒவ்வொரு சனிக்கிழமையும் அணிப் பட்டியலில் அவர் பெயரையே எழுதினார்கள்" என்று கேளுங்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

மேனேஜர்களை வரிசையாகச் சொல்கிறேன். பெர்ட் ஹெட். பிறகு டேனி வில்லியம்ஸ். பிறகு ஃபிரெட் ஃபோர்ட். பிறகு டேவ் மெக்கே, ஆம், டாட்டன்ஹாமில் ஆடிப் பேர் வாங்கிய அதே டேவ் மெக்கே, ஆட்டக்காரராகவும் மேனேஜராகவும் வந்தார். பிறகு லெஸ் ஆலன். மறுபடி டேனி வில்லியம்ஸ். பிறகு பாபி ஸ்மித். புது மேனேஜர் வந்தால் முதலில் செய்கிற வேலை தனக்கு வேண்டியவர்களைக் கொண்டு வருவதுதான். கோல்கீப்பர் மாறுவார், ஃபார்வர்டு மாறுவார், கேப்டன்கூட மாறுவார். இத்தனை பேர் வந்து, இத்தனை விதமாக யோசித்து, லெஃப்ட் பேக் இடத்தில் எழுதிய பெயர் ஒன்றுதான். இதற்கு மேல் ஒரு டிஃபெண்டருக்கு என்ன சான்றிதழ் வேண்டும்?

1961இலிருந்து 1968 ஆகஸ்ட் வரை ஒரு ஆட்டத்தைக்கூட அவர் தவறவிடவில்லை. தொடர்ச்சியாக 350க்கும் மேற்பட்ட ஆட்டங்கள். கை முறிந்த பிறகுதான் அது நின்றது. இதன் கனம் புரிய வேண்டுமானால் ஒன்றை நினைவில் வையுங்கள். இங்கிலாந்து லீக்கில் மாற்று ஆட்டக்காரர் என்பதே 1965இல்தான் வந்தது, அதுவும் முதலில் காயத்துக்கு மட்டும். அதற்கு முன் உங்களுக்குக் கணுக்கால் பிசகினால் அணி பத்து பேரோடு ஆடும், இல்லை நீங்கள் ஓரமாக நின்று நொண்டிக்கொண்டே ஆட வேண்டும். மைதானமோ ஜனவரியில் சேறு. அதில்தான் இந்த மனிதர் ஏழு வருடம் விடாமல் நின்றார்.

கை முறிந்த அதே சீசனைப் பற்றி வேறொரு உரையில் பேசியிருக்கிறேன். ஆனாலும் டிராலப் இருக்கும்போது அதைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது. 1969 மார்ச் 15, லண்டன் வெம்ப்ளி அரங்கம், எல்லா டிவிஷன் அணிகளும் மோதும் லீக் கப் போட்டியின் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் முதல் டிவிஷன் ஆர்சனல். இன்னொரு பக்கம் மூன்றாம் டிவிஷன் ஸ்விண்டன், அதன் இடது பின்பக்கம் கை சரியாகித் திரும்பிய டிராலப். குதிரைப் போட்டி நடத்திக் கெட்டுப்போன தரையில் மழையும் சேர்ந்து ஒரே சகதி. ரோஜர் ஸ்மார்ட் கோல் போட்டார். முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது ஆர்சனலின் பாபி கூல்ட் சமன் செய்தார். அரங்கத்தில் இருந்த கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேரும் ஸ்விண்டன் கதை முடிந்தது என்று நினைத்திருப்பார்கள். கூடுதல் நேரத்தில் டான் ராஜர்ஸ் இரண்டு கோல். 3-1. ராஜர்ஸின் அந்தக் கடைசி ஓட்டத்தை இன்றும் காட்டுகிறார்கள், காட்டட்டும், அழகான கோல். ஆனால் 120 நிமிடத்தில் ஆர்சனலை ஒரே ஒரு கோலோடு நிறுத்தியவர்கள் பின்னால் நின்றவர்கள். கோல்கீப்பர் பீட்டர் டவுன்ஸ்பரோவை அன்று எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

வென்றும் ஐரோப்பியக் கிளப் போட்டியில் ஆட விடவில்லை, மூன்றாம் டிவிஷன் கிளப் என்ற காரணத்துக்காக. இது எனக்கு இன்றும் வலிக்கிற விஷயம். அதற்குப் பதிலாக இத்தாலிய அணிகளோடு ஆடினார்கள். ரோமாவிடம் அங்கே 2-1 தோற்று, இங்கே 4-0 வென்றார்கள். அடுத்த ஆண்டு நேப்பிள்ஸில் நப்போலிக்கு எதிராக 3-0 முன்னிலையில் இருக்கும்போது ரசிகர்கள் கலாட்டாவால் ஆட்டத்தையே நிறுத்த வேண்டியதாயிற்று. கோப்பை ஸ்விண்டனுக்குத்தான்.

அப்புறம் அந்த எண்ணிக்கைக்கு வருவோம். டிராலப்புக்கு முன்னால் சாதனை வைத்திருந்தவர் போர்ட்ஸ்மத்தின் ஜிம்மி டிக்கின்சன், 764 ஆட்டம். அவர் பின்களத்துக்கு முன்னால் இடதுபுறம் காக்கிற ஹாஃப். இங்கிலாந்துக்காக 48 ஆட்டம், 1949, 1950 இரண்டு ஆண்டும் லீக் சாம்பியன். "மேலே போனவர்" என்றால் இவரைவிட யாரைச் சொல்வது? ஆனால் போர்ட்ஸ்மத் சரிந்து மூன்றாம் டிவிஷனுக்கு வந்தபோது அவரும் கூடவே வந்து அங்கேயும் ஆடினார். அப்போது அந்த இருவருக்கு அடுத்து யார்? போர்ட் வேலின் ராய் ஸ்ப்ராசன், 760. அவரும் இடது ஹாஃபாகவும் லெஃப்ட் பேக்காகவும் ஆடியவர், அவரும் ஒரே கிளப், அவரும் முதல் டிவிஷன் பார்க்காதவர். அவர் இருந்த போர்ட் வேல் 1953-54இல் 46 ஆட்டத்தில் வாங்கிய கோல் மொத்தமே 21. ஆக, அன்றைய முதல் மூன்று பேரும் இடது பக்கத்தில் காவல் காத்தவர்கள். இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. அந்த இடத்தில் நம்பகமான ஒருவர் கிடைத்துவிட்டால் எந்த மேனேஜரும் கைவைக்க மாட்டார்.

இளைஞர் அணிக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த டிராலப்பை மறுபடி களத்துக்கு அழைத்தார்கள். 1980இல் டிக்கின்சனைத் தாண்டி 770இல் நின்றார். எம்பிஇ என்ற பிரிட்டிஷ் அரசு பட்டமும் கிடைத்தது. மகன் பால் டிராலப் பிறகு வேல்ஸுக்காக ஆடினார். 1981இல் மேனேஜர் பொறுப்பையும் ஜானிடம் கொடுத்தார்கள், அது அவருக்கு அமையவில்லை. 1982இல் ஸ்விண்டன் முதல்முறையாக நான்காம் டிவிஷனுக்கு இறங்கியது. அதை வைத்து அவரைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அணியைத் தேர்ந்தெடுப்பது வேறு வேலை, தேர்ந்தெடுக்கப்படுவது வேறு வேலை. இரண்டாவதில் இருபது வருடம் அவருக்கு நிகர் இல்லை.

போர்ட் வேலின் அந்த 21 கோல் சீசனைப் பற்றித் தனியாக ஒரு உரை வேண்டும் என்று பல பேர் கேட்டிருக்கிறீர்கள். மூன்றாம் டிவிஷனில் இருந்துகொண்டே அந்த ஆண்டு, பெரிய சிறிய கிளப்கள் எல்லாம் மோதும் எஃப்ஏ கப் போட்டியில் அரையிறுதிவரை போன அணி அது. நிச்சயம் செய்கிறேன். இப்போது அடுத்த கேள்வி, ஆஃப்சைடு பற்றி.