காட்டைத் தலைகீழாகப் படித்தார்கள்

நேயர்களுக்கு வணக்கம். மானுடவியல் ஆய்வாளர் என்றால் சடங்கு, உறவுமுறை பற்றி எழுதுபவர் என்றுதான் பலரும் நினைக்கிறோம். வன அதிகாரியும் விஞ்ஞானியும் எப்படி நினைக்கிறார்கள் என்பதையும் அதே கண்ணால் ஆராய்கிற மானுடவியலாளர்கள் உண்டு. அவர்களில் இருவர் பிரிட்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் ஃபேர்ஹெட், மெலிசா லீச். கணவன் மனைவி.

1990களின் தொடக்கத்தில் மேற்கு ஆப்பிரிக்காவின் கினி நாட்டில், கிஸ்ஸிடூகு பகுதியில் இவர்கள் ஆய்வு செய்தார்கள். அங்கே புல்வெளிக்கு நடுவே ஊர்கள். ஊரைச் சுற்றித் தீவு மாதிரி அடர்ந்த காடு. பிரெஞ்சு ஆட்சிக்காலத் தாவரவியலாளர்களிலிருந்து பின்னாளைய அதிகாரிகள் வரை எல்லோரும் சொன்ன கதை ஒன்றுதான்: ஒரு காலத்தில் எங்கும் காடு இருந்தது, மக்கள் வெட்டியும் எரித்தும் அழித்துவிட்டார்கள், மிச்சம் இவ்வளவுதான். தீ வைக்கத் தடை, மரம் வெட்டினால் அபராதம் எல்லாம் இந்தக் கதையை நம்பி வந்தவை.

இருவரும் 1952-இல் எடுத்த வான்வழிப் படங்களைப் பிந்தைய செயற்கைக்கோள் படங்களோடு ஒப்பிட்டார்கள். பல இடங்களில் காட்டுத் தீவுகள் குறையவே இல்லை, வளர்ந்திருந்தன. ஊர்ப் பெரியவர்கள் சொன்னதும் அதுதான்: முன்னோர்கள் குடியேறியது புல்வெளியில், காடு பிறகு வந்தது. எப்படி வந்தது? ஊரோரம் மாடு மேய்ந்தால் காய்ந்த புல் குறையும், தீ நெருங்காது. தோட்டம் போட்டுக் கொத்திய மண்ணில் கன்றுகள் வேர்பிடிக்கும். எதிரிகளைத் தடுக்க அரணாக நட்ட இலவ மரங்களும் இருந்தன.

சரி, இதை ஏன் யாரும் ஊராரிடம் கேட்கவில்லை? கேட்டிருக்கிறார்கள். அதிகாரியும் வெளிநாட்டு உதவித் திட்டமும் வந்து "காடு அழிகிறதே" என்றால், ஊரார் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். மறுத்துப் பேசித் திட்டத்தை ஏன் இழக்க வேண்டும்? அந்தத் தலையாட்டல் அறிக்கையில் சான்றாக ஏறிவிடும். எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

1996-இல் இது புத்தகமாக வந்தது. 2013 இறுதியில் எபோலா என்ற கொடிய தொற்றுநோய் பரவத் தொடங்கியதும் கினியின் அந்த வனப்பகுதியில்தான். காட்டை அழித்ததால் நோய் வந்தது என்று பழைய கதை மறுபடி கிளம்பியது. அப்புறம், மருத்துவக் குழுக்களை ஊரார் ஏன் எதிர்த்தார்கள் என்று ஃபேர்ஹெட் எழுதினார். நோயில் இறந்தவர் உடலை எப்படி, யார் அடக்கம் செய்வது என்பது அதில் முக்கியமான பகுதி.