விண்மீனைச் சுற்றி விழுந்த கறுப்பு வளையம்

வணக்கம் நண்பர்களே. இன்று கோபத்தோடுதான் கேமரா முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். தை அமாவாசை இரவு ஜவ்வாது மலையில் ஓரியன் நெபுலா என்ற வாயு மேகத்தைப் படமெடுத்ததைப் போன காணொளியில் பார்த்தீர்கள். வழக்கமான அதே 80 மி.மீ. தொலைநோக்கி, ஒரு நிமிடப் படங்கள் 120. அவற்றைத் திருத்துவதற்காக, ஒரே சொடுக்கில் கூர்மையும் நிறமும் வந்துவிடும் என்று இணையத்தில் ஒருவர் விற்ற தொகுப்பை 1,499 ரூபாய் கொடுத்து வாங்கினேன்.

இதோ திரையைப் பாருங்கள், 300 சதவீதம் பெரிதாக்கியிருக்கிறேன். ஒவ்வொரு விண்மீனைச் சுற்றியும் மையால் வரைந்தது போல ஒரு கறுப்பு வளையம். நெபுலாவின் நடுவில் ட்ரபீசியம் என்ற நான்கு விண்மீன்கள் இருக்க வேண்டும். இங்கே வெறும் வெள்ளைத் திட்டு. 1,499 ரூபாய்! பனி படியாமலிருக்கத் தொலைநோக்கியைச் சுற்றிக் கட்டும் வெப்பப் பட்டைக்காக எடுத்துவைத்திருந்த பணம் அது. மலையில் அன்று இரண்டு முறை துணியால் பனி துடைத்தேன். அந்தப் பட்டையை வாங்கியிருந்தால் அந்த வேலையே இருந்திருக்காது.

வளையம் ஏன் வருகிறது? கூர்மையாக்கும் சாதாரண ஸ்லைடர், வெளிச்சமும் இருளும் சந்திக்கும் ஓரத்தில் வெளிச்சத்தை இன்னும் ஏற்றி, இருளை இன்னும் இறக்குகிறது. கட்டடப் படத்துக்கு அது பொருந்தும். கறுப்பு வானத்தில் பளிச்சென்ற புள்ளிகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் ஒவ்வொன்றையும் சுற்றிப் பள்ளம் விழும். அதனால் நான் முதலில் விண்மீன்களைத் தனியே பிரித்துவிடுகிறேன். சிரில் என்ற இலவச மென்பொருளோடு, விண்மீன்களைப் பிரித்தெடுக்கும் ஸ்டார்நெட் என்ற கருவியை இணைத்தால் அந்த வேலை முடிந்துவிடும். விண்மீன் இல்லாத நெபுலாவில், வெளிச்சமான பகுதிகளை மட்டும் விட்டு மற்றதை மறைக்கும் மாஸ்க் போட்டுக் கூர்மை சேர்க்கிறேன். மங்கலான ஓரங்களைத் தொடுவதே இல்லை. அங்கே விவரத்தைவிட இரைச்சல், அதாவது பொடிப்பொடியான புள்ளிகள்தான் அதிகம், கூர்மையாக்கினால் அதுதான் முதலில் கூர்மையாகும்.

கொஞ்சம் பொறுங்கள், இதற்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. டீகான்வல்யூஷன். வானில் புள்ளியாக இருக்கும் விண்மீனைக் காற்றும் கண்ணாடியும் சேர்ந்து பரப்பிவிடுகின்றன. அந்தப் பரவலின் வடிவத்தைப் படத்திலிருந்தே அளந்து, கணக்கைப் பின்னோக்கிப் போடுவதுதான் இது. ரிச்சர்ட்சன் 1972-லும் லூசி 1974-லும் வெளியிட்ட முறை, இன்றும் நாம் அதைத்தான் பயன்படுத்துகிறோம். படத்தை ஸ்ட்ரெட்ச் செய்வதற்கு, அதாவது மங்கலானதெல்லாம் தெரியும்படி வெளிச்சத்தை விரிப்பதற்கு முன்பே, ஒளியின் அளவு மாறாமல் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். நான் பத்துச் சுற்றில் நிறுத்தினேன். ஐம்பது வரை ஓட்டிப் பார்த்ததில் வானம் முழுக்க மணல் கொட்டியது போல ஆகிவிட்டது.

இப்போது நிறம். இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணமே கிடையாது. அந்தத் தொகுப்பு ஓரியனை ஊதா நிறத்தில் கொடுத்தது! நெபுலாவின் சிவப்பு, ஹைட்ரஜன் 656.3 நானோமீட்டரில் வெளிவிடும் ஒளி. சாதாரண கேமராவுக்குள் இருக்கும் ஃபில்டர் அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுவதால் என் படத்தில் இளஞ்சிவப்பாகத்தான் வரும். வரட்டும். நிறத்தைக் கண்ணால் முடிவு செய்யாமல், விண்மீன் பட்டியலோடு ஒப்பிட்டுச் சரிசெய்யும் வசதி சிரிலில் இருக்கிறது. அதையும் ஸ்ட்ரெட்சுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

நிறம் சரியா என்று பார்க்க என்னிடம் ஒரு வழி உண்டு. சொல்ல மறந்துவிட்டேன், அன்றிரவு 50 மி.மீ. லென்ஸிலும் ஓரியன் விண்மீன் கூட்டம் முழுவதையும் எடுத்தேன். அதில் திருவாதிரை செம்மஞ்சளாகவும் ரைஜல் நீலம் கலந்த வெண்மையாகவும் இருக்க வேண்டும். திருவாதிரையின் மேற்பரப்பு வெப்பம் சுமார் 3,500 கெல்வின், ரைஜலுடையது சுமார் 12,000. இரண்டும் ஒரே வெள்ளையாகிவிட்டால், ஸ்ட்ரெட்ச் செய்யும்போது நிறத்தைத் தொலைத்துவிட்டோம் என்று பொருள். ஆர்க்சைன்எச் என்ற ஸ்ட்ரெட்ச் முறையில் விரித்தால் சிவப்பு, பச்சை, நீல விகிதம் குலையாமல் இருக்கிறது.

பச்சையை நீக்கும் கருவியையும் முழு அளவில் வைக்காதீர்கள். நம் கேமராக்களில் ஒரு சிவப்புக்கும் ஒரு நீலத்துக்கும் இரண்டு பச்சை உணரிகள் இருக்கின்றன, சரிசெய்யாத படம் பச்சையாகத் தெரிவதற்கு அது ஒரு காரணம். ஆனால் ஓரியனின் நடுப்பகுதியில் ஆக்சிஜன் 500.7 நானோமீட்டரில் உண்மையாகவே பச்சையாக ஒளிர்கிறது. அதை அழிக்க எனக்கு மனம் வராது. பாதி அளவோடு நிறுத்தினேன்.

அட, தூசி நிழலை நீக்குவதற்காக வெறும் வெளிச்சத்தை எடுக்கும் ஃப்ளாட் படங்களைச் சொல்லவே இல்லையே! தூசி படிந்த கண்ணாடியின் நிழல் மங்கலான வட்டமாக விழும். கூர்மையாக்கினால் அந்த வட்டமும் எடுப்பாகத் தெரியும். விடியற்காலையில், கேமராவைத் திருப்பாமல், குவியத்தை மாற்றாமல், வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்துத் தொலைநோக்கியின் வாயில் கட்டி வெளுக்கும் வானத்தை 30 படம் எடுத்தேன். கறை ஒன்றுகூட மிச்சமில்லை.

ஒரு நிமிடப் படத்தில் வெளுத்துவிடும் மையத்துக்காகத் தனியே எடுத்த பத்து நொடிப் படங்களையும் சேர்த்த பிறகு, இதோ, அதே 300 சதவீதம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்கு விண்மீன்களும் தனித்தனியே நிற்கின்றன, எதைச் சுற்றியும் வளையம் இல்லை. கார்த்திகையில் எடுத்த ஆண்ட்ரோமெடா கேலக்ஸியையும் இன்றிரவே முதலிலிருந்து திருத்தப் போகிறேன்.