இரண்டு போல்ட்டுகள்

வணக்கம். விமானப் பராமரிப்புப் பொறியாளர்களுக்கு நான் நடத்தும் பயிற்சி வகுப்பைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். பாதுகாப்பு விதிகள், பறக்கத் தகுதி விதிகள் என்று ஆரம்பித்தால் வகுப்பில் பாதிப் பேருக்குக் கொட்டாவி வந்துவிடும். அதனால் விதிப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, மேசைமேல் இரண்டு போல்ட்டுகளைப் போடுவேன். இதில் பருமனானது எது, சொல்லுங்கள் என்பேன்.

இந்த விளையாட்டுக்குப் பின்னால் ஒரு விமானம் இருக்கிறது. 1990 ஜூன் 10, இங்கிலாந்தின் பர்மிங்ஹாமிலிருந்து ஸ்பெயினின் மலாகாவுக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம். கிளம்பிப் பதின்மூன்று நிமிடம். உயரம் 17,300 அடி. கேப்டனுக்கு முன்னால் இருந்த கண்ணாடி அப்படியே பிய்த்துக்கொண்டு போனது. கேப்டனின் உடம்பு பாதிக்குமேல் வெளியே இழுக்கப்பட்டது. பணியாளர்கள் அவரைப் பிடித்துக்கொண்டே இருக்க, துணை விமானி சவுதாம்ப்டனில் இறக்கினார். விமானத்தில் இருந்தவர்கள் 87 பேர். கேப்டன் உட்பட எல்லோரும் பிழைத்தார்கள்.

அந்தக் கண்ணாடி மாற்றப்பட்டு 27 மணி நேரம்தான் ஆகியிருந்தது. அதைப் பிடித்திருந்த 90 போல்ட்டுகளில் 84, இருக்கவேண்டிய பருமனைவிட 0.66 மில்லிமீட்டர் ஒல்லி. மீதி ஆறு பருமனில் சரி, நீளத்தில் குட்டை. அந்த ரக விமானத்தில் கண்ணாடியை வெளியிலிருந்து பொருத்துவார்கள். மேலே போகப் போக உள்ளே இருக்கும் காற்றழுத்தம் அதை வெளியே தள்ளும். தடுத்து நிற்பவை போல்ட்டுகள் மட்டும்தான்.

இதைச் செய்தவர் கற்றுக்குட்டி அல்ல, அந்த ஷிஃப்டின் மேலாளர். ஆள் பற்றாக்குறை, விடியாத நேரம், தானே இறங்கி வேலை பார்த்தார். கழற்றிய பழைய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வெளிச்சம் குறைந்த இடத்தில் அதே மாதிரி இருப்பவற்றைத் தேடி எடுத்தார். எந்த அளவு வேண்டும் என்று ஸ்டோர்ஸ்காரர் சரியாகவே சொல்லியிருந்தார். இவர் தன் கண்ணை நம்பினார். போதுமான இறுக்கம் சேர்ந்ததும் ஸ்க்ரூ டிரைவர் ‘டிக்’ என்று விட வேண்டும். விட்டது. ஆனால் அது இறுக்கம் சேர்ந்ததால் வந்த டிக் அல்ல, மரை வழுக்கியது. இரண்டாவது ஆள் சரிபார்க்கவேண்டிய வேலைகளின் பட்டியலிலும் இந்தக் கண்ணாடி இல்லை.

என்னை இன்னும் விடாமல் குடைவது வேறொன்று. அவர் கழற்றிய பழைய போல்ட்டுகளிலும் பெரும்பாலானவை தவறான அளவுதான். குட்டையானவை. அவற்றோடு பழைய கண்ணாடி நான்கு வருடம் பறந்திருக்கிறது! ‘முன்னால் இருந்ததே இதுதானே’ என்ற சமாதானம் ஹேங்கரில், அதாவது விமானங்களைப் பழுதுபார்க்கும் கொட்டகையில், நாங்கள் தினமும் சொல்லிக்கொள்வது. கண்ணால் காண்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். எங்கள் தொழிலில் தீர விசாரிப்பதென்றால், உதிரிப்பாகப் பட்டியலைத் திறந்து எண்ணைப் பார்ப்பது. சில நிமிட வேலை.

சரி, இதற்கும் விதிகளுக்கும் என்ன சம்பந்தம்? நம் நாட்டில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் சிஏஆர் 145 விதி, பராமரிப்பு நிறுவனங்களில் சான்றளித்துக் கையெழுத்துப் போடுபவர்களுக்கு இரண்டு ஆண்டுக்கொரு முறையாவது தொடர் பயிற்சி வேண்டும் என்கிறது. மனிதர் ஏன் தவறுகிறார் என்பது அதில் ஒரு பாடம். உரிமம் வாங்கும் தேர்விலேயே அதற்குத் தனித் தாள் உண்டு. இப்படிப்பட்ட விபத்துகளைத் துருவிப் பார்த்ததில் சேர்ந்த அறிவு அது. சில இடங்களில் இதைக் கணினித் திரையில் ‘அடுத்து, அடுத்து’ என்று தட்டி, கடைசியில் சான்றிதழை அச்செடுத்துக்கொள்கிறார்கள். அதற்குப் பதில் அந்த நேரத்தில் ஹேங்கரைக் கூட்டிப் பெருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

புதிதாக வரும் பிள்ளைகளைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலையில்லை. பயத்தில் எல்லாவற்றையும் புரட்டிப் பார்ப்பார்கள். இருபது வருட அனுபவசாலிதான் போல்ட்டைப் பார்த்ததுமே பதில் சொல்வார். போன வகுப்பில் ஒரு மூத்தவர் மட்டும் சொல்லவில்லை. இரண்டையும் விரலில் உருட்டினார், ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். அப்புறம், “சார், கண்ணாடியை பைக்கிலேயே விட்டுட்டேன். எடுத்துட்டு வந்து சொல்றேன்” என்று கீழே இறங்கிப் போனார். அவர் திரும்பி வரும்வரை வகுப்பை நிறுத்தி வைத்தேன்.