கண்ணுக்குள் ஒரு காம்பஸ்

(காசிமேட்டில் ஒரு படிப்பகத்தில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் இரைகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த இரைச்சலுக்கே கடைசியில் வரப்போகிறேன்.

போட்டில் காம்பஸ் வைத்திருப்பவர்கள் இங்கே நிறையப் பேர். பனிக்காலத்தில் எண்ணூர் கழிமுகத்திலும் பழவேற்காட்டிலும் வந்து இறங்குகிற உள்ளான் பறவையிடம் திசை காட்ட என்ன இருக்கிறது? அதற்கு நேரடியாகப் பதில் சொல்ல என்னால் முடியாது. பெரிய சோதனைகள் நடந்தது ஐரோப்பாவில், ராபின் என்கிற உள்ளங்கை அளவு குருவியை வைத்து.

1960களில் ஃபிராங்க்ஃபர்ட்டில் வோல்ஃப்காங் வில்ட்ச்கோ ராபினைக் கூண்டில் விட்டு, சுற்றிலும் கம்பிச்சுருளில் மின்சாரம் பாய்ச்சிக் காந்தப்புலத்தைத் திருப்பினார். வலசைப் பருவத்தில் அது துள்ளுகிற பக்கமும் திரும்பியது. ஆனால் நம் காம்பஸ் முள் மாதிரி அதற்கு வடமுனை, தென்முனை பிரித்துத் தெரியாது. காந்தக்கோடு தரைப்பக்கம் எப்படிச் சாய்கிறது என்பதைத்தான் பார்க்கிறது. நம் ஊரில் அந்தச் சாய்வு ரொம்பக் குறைவு; கேரளத்தில் தும்பா பக்கம் போனால் கோடு படுத்தே விடும். 1963இல் ராக்கெட் விட அந்த இடத்தைப் பிடித்ததே அதற்காகத்தான்.

இன்னொரு வேடிக்கை. நீல, பச்சை வெளிச்சத்தில் திசை பிடித்த குருவி, சிவப்பு வெளிச்சத்தில் தடுமாறியது. காந்தத்துக்கு வெளிச்சம் எதற்கு? காம்பஸ் கண்ணில் இருந்தால்தான் இது பொருந்தும்.

விழித்திரையில் கிரிப்டோகுரோம் என்று ஒரு புரதம். நீல ஒளி பட்டதும் அதற்குள் ஓர் எலக்ட்ரான் இடம் தாவுகிறது. தனித்து விடப்பட்ட எலக்ட்ரான்கள் இரண்டு மிஞ்சுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஸ்பின் உண்டு. பம்பரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், உண்மையில் எதுவும் சுற்றவில்லை என்றாலும். இரண்டு பம்பரமும் எதிரெதிரா, ஒரே பக்கமா என்று கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு துளிக்கு ஊசலாடும். பூமியின் காந்தம், ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுகிற பொம்மைக் காந்தத்தில் நூறில் ஒரு பங்கு தேறும். ஒரு மூலக்கூறைத் தள்ளக்கூட அதற்குத் தெம்பில்லை. ஆனால் ஊசலின் தாளத்தை மாற்றப் போதும். தாளம் மாறினால் புரதத்தில் விளைவதன் அளவும் மாறும். பறவைக்கு அது பார்வையில் ஒரு நிழல்போலத் தெரியலாம் என்பது ஊகம்.

ஊசலாடும் ஜோடி என்ற யோசனையை 1978இல் கிளவுஸ் ஷுல்டன் சொன்னபோது நம்பியவர்கள் குறைவு. 2021இல் ராபினின் கிரிப்டோகுரோம்-4 சோதனைக்குழாயில் காந்தத்துக்கு அசைந்துகொடுத்தது. உயிருள்ள பறவைக்குள் இன்னும் நிரூபணமாகவில்லை.

சரி, இரைச்சல். ஜெர்மனியில் ஓல்டன்பர்க் பல்கலைக்கழக வளாகத்தில் மரக் குடிலில் வைத்த ராபின்கள் திசையே பிடிக்கவில்லை. குடிலுக்கு அலுமினியத் தகடு அடித்து எர்த் கொடுத்தார்கள், பிடித்தன. எர்த் கம்பியைக் கழற்றினால் மறுபடி தடுமாற்றம். குற்றவாளி, ஏ.எம். ரேடியோ அலைவரிசையில் மின்சாதனங்கள் கக்குகிற மின்காந்த இரைச்சல். இது 2014இல் வெளியானது.

"அப்போ செல்போன் டவர்?" என்று கேட்க வாயெடுக்கிறீர்கள், தெரிகிறது. இன்னொரு வலசைக் குருவியிடம் 140 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே இரைச்சல் கொடுத்துப் பார்த்தார்கள். அது பாட்டுக்குத் திசை பிடித்தது. செல்போன் ஓடுவது அதைவிடப் பல மடங்கு மேலே. டவர்மேல் வேறு கோபம் இருந்தால் அது தனி வழக்கு.